பஷீர் பாய் வாய் திறந்த கதை

ஏற்காட்டில் பஷீர் அகமதுவை ஊமைப் பாய் என்றுதான் சொல்வார்கள். அவர் ஊமை இல்லை. பேசத் தெரியும். பேச மாட்டார், அவ்வளவுதான்.

பஜாருக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்த 1979ஆம் வருஷத்திலிருந்து அந்த ஜீப்பில்தான் போய்வந்தேன். ஆட்கள் அவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் தொங்குகிறவர்கள் காபி விலையிலிருந்து சேலத்துக் கல்யாணம் வரைக்கும் கத்திப் பேசிக்கொண்டு வருவார்கள். பாயிடமிருந்து ஒரு சொல் வராது. "ஏறுங்க" என்பதற்குத் தலையை ஆட்டுவார். "இறங்குங்க" என்பதற்கு வண்டியை நிறுத்துவார். ஒரு நாள் முன் சக்கரம் ஒன்று சாக்கடையில் இறங்கியபோதுகூட மனுஷர் வாய் திறக்கவில்லை. இறங்கிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்களாகவே இறங்கித் தள்ளினோம்.

அவருடைய அத்தாவுக்கு பஜாரில் மளிகைக்கடை இருந்தது. கடையில் வியாபாரம் பண்ண நாலு வார்த்தை பேசியாக வேண்டும் என்பதால், பையனைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரிக்கு கிளீனராக அனுப்பிவிட்டார். அந்த லாரி டிரைவர் பாடம் நடத்திய விதம் ஊரறிந்தது. "பாருடா" என்பார். தப்பாகப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு. மறுபடியும் "பாருடா". அப்படியே பார்த்துப் பார்த்து பஷீர் வண்டி கற்றுக்கொண்டார். பிறகு அவரும் மலையில் ஏழெட்டுப் பேருக்கு வண்டி பழக்கினார். அதே பாடம்தான், குட்டு மட்டும் இல்லை.

அவரிடம் வண்டி பழகியவர்களில் ஒருவர் மஞ்சக்குட்டை அம்மாசி. கொஞ்சம் காபி, கொஞ்சம் ஆரஞ்சு, கீழ்க்காட்டில் ராகி என்று வைத்திருந்த விவசாயி. நல்ல விளைச்சல் வந்த ஒரு வருஷம் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். எஸ்டேட் ஆட்களைத் தவிர மஞ்சக்குட்டையில் சொந்தமாக வண்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய மனைவி கண்ணம்மாள். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். ஆனால் ரேடியோவில் காபிச் செடிக்கு மருந்து கலக்கும் விதத்தை ஒரு தடவை கேட்டால், மறுநாள் தெரு முழுக்க ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார். ஊர்ப் பஞ்சாயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

1981 மழைக்காலத்தில் ஒரு காலை நேரம், அம்மாசிக்கு மார்வலி வந்தது. ஜீப் வாசலில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. ஊரில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார். பஷீர் பாய் அன்றைக்குப் பார்த்து பிரேக் வேலைக்காகச் சேலத்துக்குப் போயிருந்தார். மூங்கிலில் போர்வையைக் கட்டி அம்மாசியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மெயின்ரோட்டை எட்டும் முன்பே அவர் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்தபின் அம்மாசியின் தம்பி ஐயாக்கண்ணு வண்டியை விற்றுவிடலாம் என்றார். கண்ணம்மாள் முடியாது என்றுவிட்டார். பஷீர் பாயின் ஜீப் வந்து நிற்கிற இடத்துக்கு நேராக வந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க பாய், எனக்கு வண்டி பழக்கி உடுங்க."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. கண்ணம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்கூர்ல ஒரு உசுரு, வண்டி வாசல்ல நிக்கறப்ப போவக் கூடாதுங்க" என்றார் கண்ணம்மாள்.

பாய் தலையை ஆட்டினார்.

ஊருக்கு வெளியே ஒரு காலி மேட்டில் பாடம் ஆரம்பமானது. பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பாய் ஓட்டிக் காட்டுவார், கண்ணம்மாள் பார்ப்பார். பிறகு அவர் ஓட்டுவார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும். பாய் மறுபடியும் ஓட்டிக் காட்டுவார். மறுபடியும் குதித்து அணையும். வாரக்கணக்கில் இதே கதை. ஊரில் பந்தயம் கட்டாத குறை. ஐயாக்கண்ணு மட்டும் தினமும் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் கண்ணம்மாள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. நீங்க காட்டறதையெல்லாம் நல்லாத்தான் பாக்கறேன். ஆனா பாத்தது எனக்கு ஓட்டைப் பானைத் தண்ணி மாதிரிங்க, ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒழுகிருது. காதுல உழுந்தாத்தான் நிக்கும். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். வாயில சொல்லுங்க, நான் கத்துக்கறேன்."

பாய் வாயைத் திறந்தார். மூடினார். இடது காலைத் தூக்கிக் காட்டினார்.

"அது காலுங்க. அது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது என்ன பண்ணுகிறது என்பதே தெரியவில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். இத்தனை வருஷம் அந்தக் கால் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அவர் அதை எதுவும் கேட்டதில்லை.

அன்று வீட்டில் நடந்ததை அவர் மனைவி ஷஹீதா எனக்குச் சொன்னார். அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெறும் தரையில் இடது காலை அழுத்துகிறார், எடுக்கிறார், முணுமுணுக்கிறார். ஷஹீதா பயந்துபோனார்.

"என்னங்க பண்றீங்க?"

"கிளச்சு."

"கிளச்சுன்னா?"

பாய் மறுபடியும் காலை அழுத்தினார். ஷஹீதா வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். பாய் திணறித் திணறி ஒரு வாக்கியம் சொன்னார். ஷஹீதா அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு யோசித்து இன்னொரு வாக்கியம். "மெல்ல விடணும்னா எம்மாம் மெல்ல? சும்மா மெல்லன்னா யாருக்குத் தெரியும்?" என்று அவர் விடவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு, தன் காலுக்குள்ளேயே போய் உட்கார்ந்த மாதிரி ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சொன்னாராம்: "தூங்கிப்போன பிள்ளையைத் தூளியில படுக்க வெப்போமே, அம்மாம் மெல்ல. கையை எடுத்துட்டோம்னு பிள்ளைக்குத் தெரியக் கூடாது."

வெங்காயம் அரிந்த கை நின்றுபோய்விட்டதாம் ஷஹீதாவுக்கு. "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் டீச்சர். இந்த மனுசனுக்குள்ள இப்படி ஒரு பேச்சு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

மறுநாள் மேட்டில் பாய் அந்தத் தூளியைச் சொன்னார். கண்ணம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். பிறகு வாய்க்குள் தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டு காலை எடுத்தார். வண்டி குதிக்கவில்லை. அசையாத தண்ணீரில் ஓடம் போவது மாதிரி நகர்ந்தது. ஜன்னலருகே நின்றிருந்த நான் கையிலிருந்த சாக்பீஸை நழுவவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வேலியோரம் ஐயாக்கண்ணு தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பின் பாய் தினமும் வீட்டில் ஷஹீதாவிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவார். "எஞ்சின் முனகினா பாரம் தாங்கல, கியரை இறக்கு. கத்துனா வெறுங்கையா ஓடுது, கியரை ஏத்து." பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. மேட்டிலிருந்து மலை ரோட்டுக்கு வந்தபின், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லப் போய்த்தான் அவருக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. பாறைப் பக்கம் போகையில் வண்டிச் சத்தம் திரும்பி வந்து காதில் அடிக்கிறது. பள்ளத்துப் பக்கம் போனால் சத்தம் திரும்புவதே இல்லை, கிணற்றில் போட்ட கல் மாதிரி போய்விடுகிறது. "இத்தனை வருசம் இந்த ரோடு என்கிட்டப் பேசிக்கிட்டே இருந்திருக்குது டீச்சர். நான் கேக்கல" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கண்ணம்மாள் லைசென்ஸ் வாங்கினார். ஒரு பெண் ஜீப் ஓட்டுகிறாள் என்று முதலில் ஏறத் தயங்கியவர்கள் பிறகு அவருக்காகக் காத்திருந்து ஏறினார்கள்.

1983 கார்த்திகை மாதம். சேலத்தில் சந்தை முடிந்து குப்பனூர் வழியாக மேலே வந்துகொண்டிருந்தோம். கண்ணம்மாள் ஓட்டினார். பாயின் ஜீப் பட்டறையில் கிடந்ததால் அவரும் முன் சீட்டில் பயணியாக இருந்தார். பின்னால் நான், ஐயாக்கண்ணு, கொட்டச்சேட்டு அத்தாயி, இன்னும் சிலர், காலடியில் கோழிக்கூடை. மதியம் மூன்று மணி இருக்கும். பாதி மலை ஏறியதும் மேகம் இறங்கியது.

எங்கள் மலையில் மேகம் இறங்குவது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு இறங்கியது வேறு. பஞ்சை அடைத்த மாதிரி. முதலில் ரோட்டோர மரங்கள் போயின, பிறகு ரோடு, பிறகு வண்டியின் மூக்கு. விளக்கைப் போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழுந்தது. கண்ணம்மாள் வண்டியை நிறுத்திவிட்டார்.

நிற்கவும் வழியில்லை. வளைவின் நடுவில் இருந்தோம். கீழே குப்பனூரில் மரம் ஏற்றிய லாரி ஒன்று கிளம்பத் தயாராக நின்றதை எல்லாரும் பார்த்திருந்தோம். அது வந்தால் எங்களைப் பார்க்காது. வண்டியை ஒதுக்கி நிறுத்துகிற இடம் மேலே கொட்டச்சேட்டு ஊர் வரும் வரைக்கும் கிடையாது.

"நகருங்க அக்கா, நான் ஓட்டறேன். யாராச்சும் முன்னால நடங்க" என்றார் பாய்.

கண்ணம்மாள் நகரவில்லை. "நீங்க பாத்து ஓட்டறவரு பாய். இங்க பாக்கறதுக்கு என்ன இருக்குது? நீங்க முன்னால நடங்க. நடந்துக்கிட்டே பேசுங்க. உங்க பேச்சு எங்க கேக்குதோ, நான் அங்க வாரேன்."

பாய் செருப்பைக் கழற்றினார். பிறகு இறங்கினார். இரண்டாவது எட்டிலேயே மேகம் அவரை விழுங்கிவிட்டது.

"நான் பேச்சை நிறுத்துனா நீங்க வண்டிய நிறுத்தோணும்" என்று குரல் மட்டும் வந்தது.

"ஆகட்டுங்க. சேர்வராய சாமீ, துணைக்கு வா."

அவர் பேச ஆரம்பித்தார். "ரோடு நேரா போவுது. கால்ல தார் தட்டுப்படுது. வாங்க. இப்ப இடது கை பக்கம் வளையுது. வாங்க, வாங்க." வண்டி முதல் கியரில் ஊர்ந்தது. கண்ணம்மாள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, காதை முன்னால் கொடுத்து ஓட்டினார். பின்னால் நாங்கள் மூச்சு விடுவதற்கே யோசித்தோம். கூடையில் கோழி கொக்கரித்தபோது அத்தாயி அதன் மேல் புடவைத் தலைப்பைப் போட்டு மூடினார்.

ரோட்டைப் பற்றிச் சொல்ல எவ்வளவுதான் இருக்கும்? கொஞ்ச தூரத்தில் அது தீர்ந்துபோனது. நிறுத்தவும் முடியாது. அப்போதுதான் ஊமைப் பாய் தன் கதையைப் பேச ஆரம்பித்தார்.

தன் நிக்காஹ் அன்றைக்குச் சம்மதமா என்று ஹஜ்ரத் மூன்று தடவை கேட்டும் வாய் வராமல் உட்கார்ந்திருந்தது, பெண் வீட்டார் எழுந்துபோகப் பார்த்தது, அத்தா தொடையில் கிள்ளியதும் "ஆங்" என்று கத்தியதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கிளீனராக இருந்தபோது மைசூர் ரோட்டில் தனி யானையைப் பார்த்தது. மகள் சலீமா பிறந்த அன்று கைகொள்ளாத அளவுக்குச் சின்னதாக இருந்தது, தூக்க பயந்தது. அந்தக் குரல் வெள்ளைக்குள்ளிருந்து, உடம்பில்லாமல், வந்துகொண்டே இருந்தது. பிறகு இதுவும் வந்தது:

"அம்மாசி அண்ணன் போன அன்னிக்கு நான் மலையில இல்ல. பிரேக் வேலை நாளைக்கு வெச்சிருக்கலாம். நாளைக்கு வெச்சிருக்கலாம்னு தினமும் நெனைக்கறேன் அக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் வண்டி பழக்க ஒத்துக்கிட்டேன். வாங்க, நேராத்தான் இருக்குது, வாங்க..."

கண்ணம்மாளின் கை ஸ்டீயரிங்கில் அசையவில்லை. கன்னத்தில் ஈரம் ஓடியது. அதைத் துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. ஐயாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

பாய் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று கண்ணம்மாள் பிரேக்கை அழுத்தினார்.

"பாய்! நில்லுங்க! காலை வெக்காதீங்க!"

குரல் நின்றது.

"உங்க பேச்சு திரும்பி வரலீங்க. இவ்வளவு நேரம் பாறையில பட்டுத் திரும்பி வந்துது. இப்ப வரல. பள்ளத்து ஓரம் நிக்கறீங்க. பின்னால வாங்க. அப்படியே பின்னால."

 பிறகு சரளைக்கல் ஒன்று உருளும் ஓசை. உருண்டது, ஆனால் எங்கேயும் போய் விழுந்த ஓசை கேட்கவில்லை. மழையில் ரோட்டின் ஓரம் இடிந்து போயிருந்தது; உடைந்த தாரையும் சரளையையும் கால் ரோடு என்றே நம்பிவிட்டது. அவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு எட்டுகூட இல்லை என்று மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"அக்கா..." என்று மெல்லக் கேட்டது.

"இருக்கேன் பாய். என் பேச்சு வர்ற பக்கம் வாங்க."

இப்போது கண்ணம்மாள் பேசினார், பாய் கேட்டு நடந்தார். அவர் கை வந்து வண்டியின் மூக்கைத் தொட்டதும், உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம். பாய் பானெட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, மறுபடியும் நடந்தார். மறுபடியும் பேசினார். ஐயாக்கண்ணு தானாகவே இறங்கி, பள்ளத்துப் பக்கமாக ஒரு கழியால் தரையைத் தட்டிக்கொண்டு அவரோடு நடந்தார்.

கொட்டச்சேட்டில் மேகம் கிழிந்தது. வெயில் இல்லை, ஆனாலும் கடை, வேப்பமரம், நாய் எல்லாம் இருந்தன. உலகத்தை அன்றைக்குத்தான் புதிதாகச் செய்து வைத்தது போல இருந்தது எனக்கு. அத்தாயி இறங்கி ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரியாது. ஐயாக்கண்ணு அண்ணி பக்கத்தில் போய், "தண்ணி குடிங்க" என்று மட்டும் சொன்னார். பாயின் குரல் கட்டிப்போயிருந்தது. சைகையில் டீ கேட்டார்.

வண்டி பழக வருகிறவர்களிடம் அதற்குப் பிறகு பாய் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "உங்களுக்குப் பாத்தா வருமா, கேட்டா வருமா?" தெரியாது என்பவர்களை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். கேட்டு வருகிறவர்களுக்காக அவர் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஏராளம். ஷஹீதாவின் அடுப்படியில் பிறக்காத சொல் அதில் குறைவு. அந்தக் கேள்வியை நானும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கரும்பலகையில் எழுதிப் போட்டதையெல்லாம் வாயாலும் சொல்லத் தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருக்கும் ஆராயி என்ற பெண், வாய்ப்பாட்டை ஒரே வாரத்தில் ஒப்பித்தாள்.

கண்ணம்மாள் 1993 வரைக்கும் ஓட்டினார். பிரசவம், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வண்டியை ஐயாக்கண்ணுவின் மகன் பொன்னுவேலிடம் கொடுத்தார்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஅந்தோணி வண்டி பழக வந்தது அதற்கடுத்த வருஷம். பாய் உற்சாகமாகத் தூளியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மரியஅந்தோணிக்கு வேர்த்துக் கொட்டியது.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பேசப் பேச எனக்குக் குழம்புது. பேசாம ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

பாய் அவரைப் பார்த்தார். உரக்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வாயை மூடிக்கொண்டு, சாவியைத் திருகி, கையை மெல்லத் தூக்கிக் காட்டிவிட்டுக் கியரில் வைத்தார். மரியஅந்தோணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பேச்சில்லாமல் இறங்கிப் போனது.